சுவரை மேய்ந்த கிடை

நரிமேட்டுப் பொட்டலைச் சுற்றிச் சுவர் எழுந்த வருஷத்தில் மழையும் பொய்த்துப்போனது. மழைக்கு என்ன கோபம் என்று யாருக்கும் தெரியாது. முத்திருளாயிக்கு என்ன கோபம் என்பது செம்பராங்குளத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவள் மாமனாரும், அவருக்கு முந்தினவர்களும், அவர்களுக்கும் முந்திப் பேர் மறந்துபோனவர்களும் ஆடு மேய்த்த பொட்டல் அது. கோரையும் அருகும் நெருஞ்சியும் மண்டி, ஓரத்தில் கருவேல மரங்கள் நின்று, நடுவில் ஆடு தண்ணீர் குடிக்க ஒரு குட்டையும் கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தமாக இருந்த அந்தப் பொட்டல் எப்படித் தெய்வநாயகம் பெயருக்குப் போனது என்று கேட்டால், கேட்ட இடத்திலெல்லாம் "முறைப்படி" என்ற ஒற்றைச் சொல்லைத்தான் எடுத்துப் போட்டார்கள். முறைப்படி அளந்து, முறைப்படி கல் ஊன்றி, முறைப்படி இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, முறைப்படி இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, மேலே 'முல்லைத்திணை நகர்' என்று பலகையும் மாட்டியாயிற்று.

தெய்வநாயகத்தைக் கெட்டவர் என்று சொன்னால் ஊரில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். மனை விற்பது அவருக்குத் தொழில், தமிழ்தான் உயிர். பழம்பாட்டுகளில் ஆயர்கள் மாலை வேளையில் மந்தையோடு திரும்பி வரும் இடம் வந்துவிட்டால் அவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். ஆட்டுக்காரர்களைப் பற்றி அவரே பாட்டும் எழுதுவார். ஆட்டுக்காரர்களோடு பேசத்தான் மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர்தான் ஓவியர் அமலதாசனை அழைத்துவந்து, ரோட்டோரச் சுவர் முழுக்க முல்லை நிலத்தை வரையச் சொன்னார். அமலதாசன் கைகாரன். கடைப் பலகையும் கட்சிச் சுவரும் எழுதி வளர்ந்து, பிறகு ஓவியக் கல்லூரிக்கும் போய்வந்தவன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழங்கால் உயரப் புல்லை வரைந்தான், புல்லுக்கு நடுவில் ஓடையை விட்டான், ஓடைக்கு மேலே கார்மேகம் கூட்டினான், கொன்றை மரத்தடியில் குழலூதும் ஆயனை உட்காரவைத்தான், வெள்ளை வெளேரென்று ஆடுகளை மேயவிட்டான், தள்ளி ஒரு குடிசை வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு புருஷனுக்காகக் காத்திருக்கும் இடைச்சியை நிறுத்தினான். மேகத்துக்கு மேலே தெய்வநாயகம் எழுதிய பாட்டு வளைவு வளைவாக ஓடியது.

முத்திருளாயி ஆடுகளை ரோட்டோரமாகப் பத்திக்கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள்.

"அங்கன நிக்கிற பொம்பள யாரு தம்பி?"

"இடைச்சிக்கா. புருஷன் வர்ற வழியப் பாத்து சாயங்காலத்துல காத்துக்கிட்டு இருக்கா. அதுதான்க்கா முல்லை."

"வேலை வெட்டி ஒண்ணும் இல்லையாக்கும்? குட்டிய யாரு கூட்டுல அடைக்கிறது, அவ அப்பனா? நான் எந்தக் காலத்துல எவனுக்குக் காத்துக் கெடந்தேன்? இந்த ஆளு உக்காந்து ஊதிக்கிட்டே இருந்தா ஆட்ட நரி கொண்டுக்கிட்டுப் போகாது?"

அமலதாசன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எங்க நெலத்தையும் புடுங்கிக்கிட்டு, புடுங்குன எடத்துலயே அத வரைஞ்சும் வச்சிருக்கீகளே. செத்தவன் வீட்டுல போட்டோ மாட்டி மாலை போடுற மாதிரி."

அவன் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. சினையாக இருந்த செவலை ஆடு, கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் மூத்தது, சுவரோரம் போய் மோந்து பார்த்தது, வாயை வைத்தது, ஒரு கடி புல்லைப் பிடுங்கி மென்றது. பிறகு இன்னொரு கடி. சுவரில் முறத்தளவுக்கு வெறும் சுண்ணாம்பு தெரிந்தது. மற்ற ஆடுகளும் வரிசையாக வந்து சுவருக்கு முகத்தைக் கொடுத்து நின்று, கறக் கறக் என்று சுவரில் வரைந்திருந்த புல்லை மேய ஆரம்பித்தன. ஓடை இருந்த இடத்தில் மூக்கை வைத்துத் தண்ணீரும் குடித்தன. முத்திருளாயிக்கு இதில் அதிசயமாக ஒன்றும் தோன்றவில்லை. காய்ந்த வயிறு எதைத்தான் தின்னாது என்று நினைத்தாள், கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேயவிட்டாள். கேட்க வருகிறவன் முதலில் தனக்குப் பதில் சொல்லட்டும் என்று இருந்தாள்.

கேட்க யாரும் வரவில்லை, பார்க்கத்தான் வந்தார்கள். செம்பராங்குளம் அந்த அதிசயத்தை, கோயில் பிரசாதத்தை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. கால்நடை மருத்துவர் ஆட்டின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அசை போடுவது சீராக இருக்கிறது என்று சொல்லி எதற்கும் இருக்கட்டுமென்று பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைத்தெருவில் இரண்டு பெயிண்ட் கடைக்காரர்கள், சுவரில் இருப்பது தன் கடைப் பச்சைதான் என்று ஆளுக்கு ஆள் சத்தியம் செய்து, கைகலப்பாகி, கடைசியில் ஒரே பச்சையை இருவரும் 'ஆடு தின்ற பச்சை' என்று விற்றார்கள். லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர், ஆடு தின்பதை ஆள் தின்றால் என்ன என்று சுவரை நக்கிப் பார்த்து நாக்கு வெந்து, ஒரு வாரம் கஞ்சி குடித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தன, வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், வேன் நின்ற இடத்தில் டீக்கடை முளைத்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை முளைத்தது. முல்லைத்திணை நகரில் மனைகள் விறுவிறுவென்று போயின. ஆடு தின்றுவிட்டுப் போன புல்லை மறுபடி வரைவதற்காக அமலதாசனை அங்கேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தங்கவைத்தார் தெய்வநாயகம். அவன் காலையில் வரைவான், ஆடு சாயங்காலம் மேயும், அவன் மறுபடி காலையில் வரைவான்.

முத்திருளாயியின் புருஷன் சடையாண்டியையும் விடவில்லை. அவனுக்குப் பட்டுக்கரை வேட்டி கட்டி, தலைப்பாகை சுற்றி, கையில் புல்லாங்குழலைக் கொடுத்து, வரைந்த ஆயனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், வந்தவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சடையாண்டி பிறந்ததிலிருந்து குழலைத் தொட்டதில்லை. அவனுக்குத் தெரிந்தது சீழ்க்கை. நாக்குக்கடியில் இரண்டு விரலைக் கொடுத்து அவன் ஒன்று விட்டால், நாலு வயல் தள்ளி நிற்கிற கிடா காதை நிமிர்த்தித் திரும்பும். சீழ்க்கை பாட்டில் வராது, அதனால் அது வேண்டாம் என்று தெய்வநாயகம் சொல்லிவிட்டார். சடையாண்டியும் சரியென்று விட்டுவிட்டான். ஒருவன் தன்னைப் பார்க்க வேன் பிடித்து வருகிறான் என்றால் யாருக்குத்தான் தலை கனக்காது?

இத்தனை கூத்துக்கும் நடுவில் முத்திருளாயி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு வாசல். ஆடு உள்ளே போகவும் குட்டையில் தண்ணீர் குடித்துத் திரும்பவும் பூட்டில்லாத ஒரு வாசல். தாலுகா ஆபீசுக்கு அவள் அதைக் கேட்டு நடந்த நடையில் செருப்பு தேய்ந்து, தேய்ந்த செருப்பையும் ஆபீஸ் வாசலில் நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "விசாரிக்கிறோம்மா" என்றார்கள்.

விசாரித்த லட்சணம் விழாவில் தெரிந்தது. சுவரின் புகழைக் கொண்டாட தெய்வநாயகம் பந்தல் போட்டிருந்தார். தாசில்தார் மேடையேறி, பாட்டில் முல்லை நிலம் எப்படி இருந்தது என்று கொஞ்ச நேரம் உருகிவிட்டு, மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை மேய்ச்சல் நிலம். அந்தக் கோரிக்கையைத் தமிழே நிறைவேற்றிவிட்டது. இனி இந்தச் சுவர்தான் செம்பராங்குளத்தின் மேய்ச்சல் நிலம். இதில் ஆடு மேய்வதற்கு யாரும், எக்காரணம் கொண்டும், தடை சொல்லக்கூடாது என்று இந்த மேடையிலேயே உத்தரவிடுகிறேன்."

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். முத்திருளாயி கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் கேட்டது வாசலுங்க. உள்ள எங்க குட்டை கெடக்கு, எங்க பொட்டலு..."

அதற்குள் நாதஸ்வரத்தை ஊதவிட்டார்கள். மேடையில் சடையாண்டி குழலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். பொண்டாட்டி தொண்டை கிழியக் கத்துவது அவனுக்குக் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் பழைய கோபம் இல்லை. பழைய கோபம் வாய்க்கு வந்துவிடும், வந்ததும் பாதி தணிந்துவிடும். இது வாய்க்கு வரவில்லை. அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடைமழைப் பருவத்துக்கு முன்னால் வழக்கம்போல் சோணைமுத்து, கிணற்றுத் தண்ணீர் பாயும் தன் வயலில் கிடை போடக் கூப்பிட்டார். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சத்து, கிடை போட்டவர்களுக்கு அறுவடையில் நெல். அதுதான் முத்திருளாயி வீட்டுக் கஞ்சி. சுவர் மேய்ந்த ஆடுகள் போட்ட புழுக்கை பச்சையும் நீலமுமாக மினுங்கியது, பிள்ளைகள் பொறுக்கிக் கோலிக்குண்டு விளையாடின. பயிரும் எழும்பியது. அப்படியொரு பயிரை அந்த வட்டாரம் கண்டதில்லை. கதிர் தங்கமாகத் தொங்கியது. காற்றடித்தால் ஒரே பக்கமாக ஒரே சீராகச் சாய்ந்தது. வேனில் வந்தவர்கள் வரப்பில் நின்று படம் எடுத்தார்கள். அறுத்துக் களத்தில் அடித்தபோது அத்தனையும் பதர், ஒரு நெல்லுக்குள்ளும் அரிசி இல்லை.

சோணைமுத்து ஒரு கைப் பதரை அள்ளிக்கொண்டுவந்து அவள் வாசலில் ஊதினார்.

"பாருத்தா. பார்வைக்கு நெல்லு. இதக் குத்தி என் பிள்ளைகளுக்கு என்னத்தப் போட? இனி ஒங்க ஆடு என் வயக்காட்டுப் பக்கமே வரக்கூடாது."

"அண்ணே, நான் என்னண்ணே பண்ணுவேன்?"

"நீ எதயாச்சும் பண்ணு. நான் சொல்லிப்புட்டேன்."

அவர் சொன்னதை அடுத்த வயல்காரரும் சொன்னார், அதற்கடுத்த ஊர்க்காரர்களும் சொன்னார்கள். கிடைக்கு அழைப்பு நின்றுபோனது.

அந்த வாரத்தில் செவலை ஒரு குட்டி போட்டது. அழுக்கில்லாத, ஈரம் காய்வதற்கு முன்பே பளிச்சென்று இருக்கிற வெள்ளைக் குட்டி. சுவரில் வரைந்திருந்த குட்டியை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அது கத்தவே இல்லை. பல் முளைத்துப் புல் கொறிக்கும் பருவம் வந்ததும் முத்திருளாயி வாய்க்கால் கரையில் தேடித் தேடி ஒரு பிடி அருகம்புல் கொய்துவந்து அதன் வாயருகே நீட்டினாள். குட்டி மோந்து பார்த்தது. இது என்ன வஸ்து என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி, சுவர் இருக்கும் திசைக்குத் துள்ளிக்கொண்டு போனது.

முத்திருளாயி புல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சடையாண்டி கண்ணாடி முன்னால் தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, ஆட்டுக்குட்டிக்குப் புல்லுத் தெரியல. காதுல விழுகுதா? நம்ம வீட்டுல பெறந்த குட்டிக்குப் புல்லுத் தெரியல!"

"வயிறு நெறையுதுல்ல, விடு. முந்தி ரோடு ரோடா அலைஞ்சோம். இப்ப நாலு பேரு மதிக்கிறான்."

"ஒன்னய எவன் மதிக்கிறான்? ஒன் வேட்டிய மதிக்கிறான். நீ சுவத்துல பாதி, தரையில பாதியா நிக்கிற. இன்னும் கொஞ்ச நாள்ல ஒன்னயவும் ஆடு மேஞ்சிட்டுப் போயிரும், நான் முண்டச்சியாத்தான் நிக்கணும்."

அவன் குழலை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அவள் அந்த ஒரு பிடிப் புல்லை முந்தானையில் முடிந்துகொண்டு அமலதாசனின் கொட்டகைக்கு நடந்தாள்.

அவன் பச்சை கலக்கிக்கொண்டிருந்தான். நகக்கண் பச்சை, காது மடல் பச்சை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"தம்பி, எனக்கு ஒன் மேல கோவம் இருக்கு."

"தெரியும்க்கா. எனக்கே இருக்கு. வேற எதுவும் வரைய விடமாட்டேங்குறாரு. கண்ண மூடுனா புல்லுதான்க்கா தெரியுது."

"நான் சொல்றத வரைவியா?"

"என்னக்கா?"

"இந்தச் சுவத்து மேலயே இந்தச் சுவத்த வரை. கல்லு கல்லா, பூச்சு உதிர்ந்த எடம் உதிர்ந்தபடி, அச்சு அசலா. ஒவ்வொரு கல்லுச் சந்துலயும் கருவேலங்கா சரஞ்சரமாத் தொங்கணும். கருவேலங்காயக் கண்டா ஆடு முள்ளப் பாக்காது, மேய்க்கிறவன் கம்பப் பாக்காது."

"செங்கல்ல ஆடு திங்குமாக்கா?"

"நீ வரைஞ்சதுல எதத் திங்காம விட்டுச்சு? ஓடையத் தின்னுச்சு, மேகத்தத் தின்னுச்சு, அந்தக் காத்துக்கெடக்குறவ கையில இருந்த வெளக்கக்கூடத் தின்னுச்சு. வரைஞ்சது போச்சு, அடியில இருந்த சுவரு நின்னுச்சு. அடியில இருக்குறதையே வரைஞ்சா?"

அமலதாசன் கலக்குவதை நிறுத்தினான். பச்சை டப்பாவை மூடினான். காவிக் கல்லையும் சுண்ணாம்பையும் எடுத்தான்.

சுவருக்கு ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை புது முல்லை வேண்டும், யாரும் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது, திரை விலக்கித்தான் காட்ட வேண்டும் என்பது தெய்வநாயகத்தின் ஆசை. சுவர் நீளத்துக்குத் துணி கட்டினார்கள். துணிக்குப் பின்னால் அமலதாசன் விழாவன்று காலைவரை வேலை செய்தான். அத்தனை நாளும் ஆடுகள் சுவரைக் காணாமல் வாடின. முத்திருளாயி வயிற்றெரிச்சலோடு அவற்றைப் பட்டினி போட்டாள்.

விழா மாலை வந்தது. பந்தல், நாதஸ்வரம், தாசில்தார், மேடையில் குழலோடு சடையாண்டி, எல்லாம் முந்தின வருஷம் மாதிரியே. தெய்வநாயகம் தன் புதிய பாட்டைப் படித்து, கைக்குட்டையை நனைத்து, கயிற்றை இழுத்தார். துணி சரிந்தது. சுவருக்குமேல் ஒரு சுவர் நின்றது. கல் கல்லாக, விரிசல் விரிசலாக, அடியில் ஈரம் ஏறின கறையோடு, பார்க்கவே அலுப்பான ஒரு சுவர். சந்துக்குச் சந்து கருவேலங்காய் வெள்ளி வெள்ளியாகத் தொங்கியது. கூட்டம் கையைத் தட்டுவதற்காகத் தூக்கியது, தூக்கினபடியே நிறுத்தியது.

"என்னப்பா இது? முல்லை எங்க?" என்றார் தெய்வநாயகம்.

"பின்னால இருக்குங்கய்யா" என்றான் அமலதாசன்.

முத்திருளாயி பந்தலுக்குப் பின்னால் ஆடுகளை அடைத்துவைத்திருந்த பட்டியின் படலைத் திறந்துவிட்டாள். பட்டினி கிடந்த கிடை பந்தலுக்கு நடுவே புகுந்து, நாற்காலிகளைத் தள்ளி, மாலைகளை மிதித்து, சுவரில் போய் முட்டியது. செவலை முதல் காயைப் பிடுங்கியது, காயோடு காம்பு வந்தது, காம்போடு செங்கல் வந்தது, செங்கல் வெல்லம்போல் பொடிந்து அதன் கடைவாயில் போனது, போன இடத்தில் ஒரு கையகலம் வானம் தெரிந்தது. அதற்குப் பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. ஆடுகள் வரிசை வரிசையாக நின்று கல்லைத் தின்றன, பூச்சைத் தின்றன, விரிசலையும் கறையையும் தின்றன, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தின்று, கடைசியில் இரும்புக் கதவு மட்டும் தன் பூட்டோடு தனியாக நின்றது, சுற்றி எதுவும் இல்லாமல். அதைப் பார்த்துச் சில பேர் சிரித்தார்கள்.

தெய்வநாயகம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாசில்தார் மைக்கைப் பிடுங்கினார்.

"யாருடைய ஆடு இது? தனியார் சுவரை இடித்தது குற்றம்! உடனே கைது செய்யச் சொல்வேன்!"

முத்திருளாயி மேடையேறினாள். போன வருஷம் தனக்குக் கிடைக்காத மைக்குக்கு நேராக வந்து நின்றாள்.

"யாருய்யா இடிச்சா? கடப்பாரை இருக்கா? மம்பட்டி இருக்கா? ஆடு மேஞ்சுச்சு. மேய்ச்சல் நெலத்துல மேஞ்சுச்சு. 'இந்தச் சுவர்தான் மேய்ச்சல் நிலம், இதுல ஆடு மேயிறத எவனும் தடுக்கக்கூடாது'ன்னு இதே மேடையில நின்னு உத்தரவு போட்டது யாரு? நான் போட்டேனா? இந்தா, ஊரே கைதட்டுச்சே, கேளுங்க!"

தாசில்தார் மைக்கைக் கீழே வைத்தார். பின்வரிசையில் சோணைமுத்து எழுந்து கைதட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். கைதட்டுவதில் அந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் ஆடுகள் உள்ளே போகவில்லை. சுவர் இருந்த கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தன. எதிரே பொட்டல், காய்ந்த கோரையும் நெருஞ்சியும் மனைக் கற்களுமாகக் கிடந்தது. அந்த மங்கின பழுப்பு அவற்றுக்கு எதுவாகவும் தெரியவில்லை. முத்திருளாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அன்றிலிருந்து முடிந்தே வைத்திருந்து காய்ந்துபோன அந்த ஒரு பிடிப் புல்லை நீட்டினாள். வெள்ளைக் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஹேய், ஹேய்" என்று பத்தினாள், நகரவில்லை. இந்த நிமிஷம் போகவில்லையென்றால் நாளைக்கு மறுபடி சுவர் எழும்பும், மறுபடி பச்சை பூசுவார்கள். அவள் மேடையைப் பார்த்தாள்.

"ஏய்யா! பாத்துக்கிட்டே நிக்கிற? கூப்புடு!"

சடையாண்டி குழலை வாய்க்குக் கொண்டுபோனான். காற்றுத்தான் வந்தது. குழலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு விரலை நாக்குக்கடியில் கொடுத்தான். ஒரு வருஷமாய் மறந்த உதடு, முதலில் வெறும் எச்சில் தெறித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் தலைப்பாகையை உருவி எறிந்தான், மறுபடி விரலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒன்று விட்டான். காதைக் கிழித்துக்கொண்டு போனது அந்தச் சீழ்க்கை. கிடா காதை நிமிர்த்தியது. செவலை தலையைத் தூக்கியது. மொத்தக் கிடையும் ஒரே தள்ளாகப் பொட்டலுக்குள் இறங்கியது.

வெள்ளைக் குட்டியும் தாயின் பின்னால் ஓடியது. நாலு எட்டில் அதன் குளம்புச் சந்தில் நெருஞ்சி ஏறியது. பிறந்ததிலிருந்து சத்தமே போடாத அது, வாயைப் பிளந்து, ஊரே கேட்கும்படி கத்தியது. கத்திய வாயோடு குனிந்து, பக்கத்தில் இருந்த கோரையை ஒரு கடி கடித்தது.

முத்திருளாயி நின்று பார்க்கவில்லை. அவள் குட்டையைத் தேடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். குட்டை இருந்த இடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கி, மேலே 'பூங்கா' என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். ஆடுகள் அதைச் சுற்றிச் சுற்றி மோந்தன. அவள் அந்தப் பலகையைப் பிடுங்கித் தூர எறிந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். திரும்பி, மேடையிலிருந்து இறங்கி வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"வெறுங்கைய வீசிக்கிட்டு வராத. குட்டைய மண்ணக் கொட்டித் தூத்து வச்சிருக்கானுக. மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா."